மத்தியானத்தில் மட்டும் வழுக்கிய கிளட்ச்

சிங்கப்பூரில் என் வேலை வண்டிகளுக்குத் தேர்ச்சி போடுவதும் தோல்வி போடுவதும். சோதனை நிலையத்துக்கு லாரி வந்தாலும் வேன் வந்தாலும் கீழே குனிந்து பார்ப்பேன், ஏறி ஓட்டிப் பார்ப்பேன், ஒரு முத்திரை குத்துவேன். ஓட்டுநர்களில் சிலர் கெஞ்சுவார்கள், சிலர் முறைப்பார்கள். இரண்டையும் நான் கண்டுகொள்வதில்லை. ஆள் என்ன சொல்கிறான் என்பதை விட்டுவிட்டு வண்டி என்ன சொல்கிறது என்று பார்ப்பது பழகிப்போய்விட்டது. வீட்டிலும் அப்படியே இருக்கிறேன் என்று என் கணவர் குறைப்படுவார்.

இந்தக் குணத்தோடு, கைப்பையில் ஒரு ஜோடித் தோட்டோடு, வைகாசி வெயிலில் திருநெல்வேலியில் இறங்கினேன். தோடு என்னுடையதல்ல. என்னோடு வேலை பார்க்கும் மாரியப்பன் வாங்கிக் கொடுத்தது. அவனுடைய ஊர் கல்லிடைக்குறிச்சி. அண்ணன் இசக்கிமுத்து அங்கேயே வேன் ஓட்டுகிறார். தங்கை பேச்சியம்மாளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தங்கை மகள் கனகாவுக்கு ஐந்து வயது. வெள்ளிக்கிழமை காது குத்து.

“திருச்சிக்குப் போறியல்லா, அப்படியே ஒரு எட்டு எங்க ஊருக்கும் போயி தோட்ட அண்ணன் கையில குடுத்திருங்கக்கா. தாய்மாமன் மடியில வச்சு காது குத்துத போட்டோ ஒண்ணு மட்டும் அனுப்புங்க, போதும்” என்றான் மாரியப்பன். அவ்வளவுதான் சொன்னான். சொல்லாமல் விட்டதை நான் மோப்பம் பிடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன ஓட்டலில் இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டேன். தேங்காய்ப் பாலில் காய்கறி வெந்து, இஞ்சி வாசம் மேலே நிற்கும் சொதி. எங்கள் திருச்சிப் பக்கம் இதைச் செய்யத் தெரியாது என்பதை முதல் வாயிலேயே ஒப்புக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் என் இலையைப் பார்த்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க, சும்மா கூச்சப்படாதிய” என்றார். சிங்கப்பூரில் பக்கத்து மேசைக்காரர் என் தட்டைப் பார்த்தால் நான் இடம் மாறி உட்காருவேன். இங்கே இன்னும் ஊற்றச் சொன்னேன்.

சந்தையில் வாழைத்தார் இறக்கிவிட்டு இசக்கிமுத்து வந்து சேரும்போது உச்சி வெயில். ஒல்லியான மனிதர், தாடி, கழுத்தில் மாலை, பச்சை வேட்டி. திருச்செந்தூர் விசாகத்துக்கு மாலை போட்டு, நடந்து போவதாக நேர்ச்சை. வேன் அவரைவிட வயதானதுபோல இருந்தது. மூக்கில்லாத பழைய டீசல் வேன். இன்ஜின் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். சிங்கப்பூரில் பத்து வயதைத் தொட்ட வண்டியைப் பெரும்பாலும் ஒழித்துக்கட்டிவிடுவார்கள். இந்த வேனை நான் அங்கே பார்த்திருந்தால் நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

“யக்கா, செருப்பக் கழத்தி இந்தப் பையில போட்டுக்கிடுங்க. மால போட்டிருக்கம்லா, வண்டிக்குள்ள செருப்பு ஏத்துததில்ல.”

கழற்றினேன். முன்னிருக்கையில் வாழை இலைக் கட்டு இருந்ததால் பின்னால் உட்கார்ந்தேன். சேரன்மகாதேவிக்கு முன்னால் ஒரு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்தது. வண்டியின் வேகம் உயரவில்லை. பிறகு அந்த வாடை வந்தது. கருகிய காகிதமும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதை எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

“கிளட்ச் வழுக்குது” என்றேன்.

“ஆமாக்கா, ஸ்லிப் ஆவுது” என்றார், காய்ச்சலை ஒத்துக்கொள்ளும் நோயாளி போல. “மூணு வருசமா இதே கததான். விசாகம் நெருங்கிச்சுன்னா ஆரம்பிச்சிரும்.”

வண்டி ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு தட்டு இருக்கிறது. கிளட்ச் பெடலை மிதித்தால் தட்டு பிடியை விடும், காலை எடுத்தால் இறுகப் பிடிக்கும். காலை எடுத்த பிறகும் முழுப் பிடி பிடிக்காமல் தட்டு தனியாகச் சுற்றினால் அதுதான் வழுக்கல். இன்ஜின் கத்தும், வண்டி இழுக்காது, தட்டு தேய்ந்து கருகும். இதற்குக் காரணம் பல. எண்ணெய் கசிந்து தட்டில் பட்டிருக்கலாம். அழுத்திப் பிடிக்கும் வில் தளர்ந்திருக்கலாம். கேபிளை அதிகமாக இறுக்கியிருக்கலாம். எல்லாவற்றையும்விட அதிகமாக நான் பார்த்த காரணம், ஓட்டுநர் இடது காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுவது.

“கால் பெடல் மேல இருக்கா?” என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

“நீங்களும் அதையே கேக்கியளா?”

பிறகுதான் கதை வந்தது. பேச்சியம்மாளின் கணவர் வேலாயுதம் ஒரு மெக்கானிக். இந்த வேனுக்கு இரண்டு முறை கிளட்ச் தட்டு மாற்றியவரும் அவர்தான். போன வருடம் விசாகத்துக்கு முன்னால் மறுபடியும் வழுக்குகிறது என்று இசக்கிமுத்து கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். மட்டமான தட்டைப் போட்டுவிட்டாயா என்றும் கேட்டிருக்கிறார். வேலாயுதத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“சந்தியில நாலு பேரு நிக்கும்போது சொல்லுதான்க்கா. ‘சாமி, மாலையப் போட்டுக்கிட்டு பொய் சொல்லாதேரும். கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டிக்கிட்டு எம்மேல பழி போடாதேரும்’னு. நான் முருகன் மேல சத்தியம் பண்ணுனேன், கால் வைக்கல்லன்னு. அதுக்கும் சிரிக்கான். அன்னையோட அவன் வாசல மிதிக்கல.”

நான் தோட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எங்கிட்டக் குடுக்காதிய. வாங்கிட்டா போவணும்லா. நான் போவ மாட்டேன்.”

அன்றிரவு கல்லிடைக்குறிச்சியில் ஓர் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸில் ஆற்றைக் கடந்தேன். ஓட்டுநருக்குப் பின்னால் நின்றதால் பழக்கதோஷத்தில் அவர் கால்களைப் பார்த்தேன். கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, இடது காலை அதன் மேல் வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா நான் எந்த ஊர், என்ன வேலை எல்லாவற்றையும் பாலம் முடிவதற்குள் கறந்துவிட்டு, “பொம்பளப்பிள்ளைக்கு வண்டிய நொட்டம் சொல்லுத வேலயா? நல்லாத்தான் இருக்கு” என்றாள். பாலத்துக்குக் கீழே தாமிரபரணி முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. எருமைகளும் துணி துவைப்பவர்களும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டிருந்தார்கள்.

பேச்சியம்மாள் கூட்டாஞ்சோறு ஆக்கி வைத்திருந்தாள். முருங்கைக்கீரையும் கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்து அரிசியோடு ஒன்றாக வெந்த சோறு, தொட்டுக்கொள்ளக் கூழ்வத்தல். சாப்பிட்டு முடித்ததும் பெட்டியை நீட்டினேன். அவளும் வாங்கவில்லை.

“எங்கண்ணன் கையால வரணும்க்கா. இது தாய்மாமன் போடுத தோடு. நான் வாங்கி வச்சிக்கிட்டா அதுக்கு என்ன அர்த்தம்?”

“உங்கண்ணன் வர மாட்டேங்கிறார்.”

“தெரியும்” என்றாள். “மூணு வயசுல குத்திருக்கணும், பிள்ளைக்குச் சொகமில்லாமப் போச்சு. ஒத்தப்பட வயசுலதான் குத்துவோம். இந்த அஞ்சும் போச்சுன்னா இனி ஏழு. பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையளும் இவ காதப் பிடிச்சுப் பாக்குதுவ.” கனகா வந்து தன் காதைத் தானே பிடித்துக் காட்டினாள்.

வேலாயுதத்தின் பட்டறை வீட்டுக்குப் பின்னால்தான். பருத்த உடம்பு, பைய நடக்கும் மனிதர். நான் யார் என்று தெரிந்ததும் ஆணியில் மாட்டி வைத்திருந்த பழைய கிளட்ச் தட்டுகள் இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்தார். மனிதர் ஒரு வருடமாக இந்த வழக்குக்கு நீதிபதி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

“பாருங்கக்கா. ஆயில் பட்ட தடம் உண்டுமா? எல்லாப் பக்கமும் ஒண்ணுபோல தேஞ்சிருக்கு. கூட இருந்த பேரிங்கும் அரைச்சுப் போச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?”

அர்த்தம் எனக்கும் தெரிந்ததுதான். பெடலை மிதிக்கும்போது மட்டும் சுற்ற வேண்டிய பேரிங் அது. ஓயாமல் சுற்றித் தேய்ந்திருந்தால் கால் ஓயாமல் பெடலில் இருந்திருக்கிறது.

“நானும் ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவ இல்ல, மூணு தடவ, காலங்காத்தால. என்கிட்ட வழுக்கவே இல்ல. அப்பம் வண்டியிலயா கோளாறு?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “வெள்ளிக்கெழம அவுக வரலன்னா விட்ருவேன்னு நெனைக்காதிய. பேச்சியோட பெரியப்பா மகன் இருக்கான். அவன் மடியில வச்சுக் குத்திருவேன்.”

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா தெரியவில்லை. கூடப் பிறந்தவன் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும்போது வேறொருவன் மடியில் குழந்தையை வைத்தால், அதற்குப் பிறகு இந்த இரண்டு வீடும் சேராது. வெளியூர்க்காரியான எனக்கே அது புரிந்தது. தோட்டுப் பெட்டி என் கைப்பையிலேயே பாலத்தைத் திரும்பக் கடந்தது.

புதன்கிழமை காலையில் ஆற்றங்கரை மைதானத்துக்கு வேனைக் கொண்டுவரச் சொன்னேன். முறைப்படி சோதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பெரிய கியரில் போட்டு, கிளட்சைப் பைய விட்டேன். நல்ல கிளட்சாக இருந்தால் வண்டி நகர முடியாமல் இன்ஜின் திணறி அணைய வேண்டும். வழுக்கும் கிளட்சாக இருந்தால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் அணைந்தது. பெடலைக் கையால் அழுத்தி, போதுமான தளர்வு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவும் இல்லை.

“கிளட்ச் பிடிக்குது. இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல” என்று தீர்ப்புச் சொன்னேன்.

இசக்கிமுத்து என்னைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார். “சரி. நீங்களும் அவன் கட்சி.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எந்தக் கட்சியிலும் இல்லை என்று சொன்னேன். ஆனாலும் விருந்தாளியை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஊர். விரதச் சாப்பாடாகத் தானே சமைத்த உளுந்தஞ்சோற்றையும் எள்ளுத் துவையலையும் எனக்கும் இலையில் வைத்தார். சாப்பிட்டதும், “பாபநாசம் பாக்காமப் போவக் கூடாது” என்று வேனில் ஏற்றினார். இந்த முறை முன்னிருக்கையில் உட்கார்ந்தேன். பச்சை வேட்டி கணுக்கால் வரை தொங்கி, அவருடைய இரண்டு கால்களையும் மூன்று பெடல்களையும் சேர்த்து மூடியிருந்தது.

மலை நெருங்கி ஏற்றம் தொடங்கிய இடத்தில் இன்ஜின் கத்தியது. கருகிய வாடை வந்தது. காலையில் தேர்ச்சி போட்ட அதே கிளட்ச்.

“இப்பம் சொல்லுங்க” என்றார் இசக்கிமுத்து.

என் தொழிலில் இப்படி ஒரு அடி வாங்கி வெகுநாளாகிவிட்டது. “நிறுத்துங்க, நான் ஓட்டிப் பாக்குறேன்” என்றேன். இடம் மாறிக்கொண்டோம். செருப்பு ஏற்கெனவே பையில் இருந்தது. இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கட்டும் என்று திரும்பிக் கொஞ்ச தூரம் இறங்கி ஓட்டி, மறுபடியும் ஏற்றத்துக்கு வந்தேன். வண்டி ஒழுங்காகத்தான் இழுத்தது. ஏற்றத்தின் பாதியில் சத்தம் உயர்ந்தது. வேகம் ஏறவில்லை. பிடித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. வில்லாகத்தான் இருக்க வேண்டும், சூட்டில் தளர்கிறது என்று மனதுக்குள் அறிக்கைகூட எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்போது இசக்கிமுத்து இன்ஜின் மூடிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“யக்கா! கால எடுங்க! கிளட்ச் மேலல்லா வச்சிருக்கிய!”

குனிந்து பார்த்தேன். என் இடது கால் கிளட்ச் பெடல் மேல் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். வண்டி உடனே பிடித்து இழுத்தது. எடுத்த காலைத் தரையில் வைத்ததும்தான் புரிந்தது. இன்ஜின் மூடியை ஒட்டிய அந்தத் தகரத் தரை கொதித்துக்கொண்டிருந்தது. ரப்பர் விரிப்பு எந்தக் காலத்திலோ கிழிந்து போயிருந்தது. கால் மறுபடியும் தானாகத் தூக்கிக்கொண்டது. தூக்கிய காலை வைக்க அங்கே இருந்த ஒரே இடம் பெடல்.

கால் எப்போது அங்கே போனது என்று எனக்குத் தெரியாது. ஓட்டுநர்களின் கால்களைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் நான். கோவிலில் நிறுத்திச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால், கால் வைக்கவில்லை என்றுதான் நானும் செய்திருப்பேன்.

ஒரு மருத மர நிழலில் வண்டியை நிறுத்தினேன். இசக்கிமுத்து இறங்கி ஓட்டுநர் பக்கம் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “பாத்துக்கிட்டே வாங்க” என்றார். கொஞ்ச தூரம் கால் தரையில் இருந்தது. பிறகு விரல்கள் மடங்கின. பிறகு குதிகால் எழும்பியது. பிறகு பாதம் பெடல் மேல் போய் அமர்ந்தது. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான் பெடலைச் சுட்டிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். “முருகா” என்றார்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. மற்ற மாதங்களில் அவர் காலில் செருப்பு உண்டு, தரை சுடாது. மாலை போட்டால் செருப்பு இல்லை. காலையில் தரை குளிர்ந்திருக்கும், கிளட்ச் பிடிக்கும். மத்தியானம் தரை சுடும், கிளட்ச் வழுக்கும். வேலாயுதம் காலையில், அநேகமாகச் செருப்போடு, ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருமே தெரிந்து பொய் சொல்லவில்லை. இதைச் சொன்னால் இசக்கிமுத்துவின் மனது லேசாகும் என்று நினைத்து விளக்கமாகச் சொன்னேன்.

“அப்பம் அவன் சொன்னது நெசம்” என்றார். “நான்தான் மாலையப் போட்டுக்கிட்டு பொய்ச் சத்தியம் பண்ணிருக்கேன்.”

“பொய் இல்லண்ணே. உங்களுக்குத் தெரியாது.”

“முருகனுக்குத் தெரியும்லா.”

திரும்பும் வழி முழுவதும் வேட்டி மடித்துக் கட்டியபடியே இருந்தது. காலைத் தரையிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு ஓட்டினார். சுட்டிருக்கும். முகத்தில் காட்டவில்லை. இறங்கும்போது சொன்னார். “கோவத்துல போவாம இருந்தேன், அது ஒரு மாதிரி. இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன போயி பிள்ளைய மடியில வைப்பேன்?”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்தால் என் வேலை முடிந்துவிடும் என்றே இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். இங்கே கண்டுபிடித்ததால் நிலைமை மோசமானது. அறைக்குப் போய் மாரியப்பனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் போனை மூடி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை இசக்கிமுத்துவிடம் வேன் சாவியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். “கொண்டுபோங்க. நான் வரல.” உச்சி வெயில் வரும்வரை காத்திருந்து, நானே பாலத்தைக் கடந்து ஓட்டினேன். ஒரு பெண்பிள்ளை அந்தப் பழைய வேனை ஓட்டி வருவதைப் பார்த்து, பாலத்தின் முனையில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர் சீவுவதை நிறுத்திவிட்டார்.

வேலாயுதத்திடம் நடந்ததைச் சொன்னேன். “அப்பமே சொன்னேம்லா!” என்று தொடையில் தட்டினார். ஒரு வருட வழக்கில் வென்ற முகம். பேச்சியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒரு தடவை ஓட்டுங்க” என்றேன். “இப்போ. செருப்பில்லாம.”

“எதுக்கு?”

“மாலை போட்டவர் வண்டி. செருப்பு ஏறக் கூடாது.”

அதை மறுக்க அவரால் முடியவில்லை. பேச்சியம்மாள் கனகாவையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். மலைச்சாலைப் பக்கம் போனோம். வேலாயுதம் கைலியை மடித்துக் கட்டியிருந்தார், கால் நன்றாகத் தெரிந்தது. கிளட்சை எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தார். ஏற்றத்துக்கு வெகுமுன்பே விரல்கள் மடங்கத் தொடங்கின. ஏற்றம் தொடங்குவதற்குள் பாதம் பெடல் மேல் ஏறியிருந்தது. இன்ஜின் கத்தியது.

“கால எங்க வச்சிருக்கிய, பாருங்க” என்றாள் பின்னாலிருந்து பேச்சியம்மாள்.

அவர் குனிந்தார். வண்டியை ஓரங்கட்டினார். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துத் தேய்த்துவிட்டார். “நெருப்பால்லா கெடக்கு” என்றார். தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதுலயா மனுசன் மூணு வருசமா ஓட்டுதான்?”

“யாருக்காவ ஓட்டுதான்?” என்றாள் பேச்சியம்மாள். “இவளுக்கு ரெண்டு வயசுல காய்ச்சல் வந்து, கையவிட்டுப் போயிரும்னு நெனச்சமே, அப்பம் யாரு நேந்துகிட்டா? பிள்ள பொழச்சா வருசா வருசம் மால போட்டு, செருப்பில்லாம நடந்து வாரேன்னு எங்கண்ணந்தான நேந்தான்? அவனப் பாத்துத்தான் பொய் சொல்லாதேருமின்னிய.”

அந்த நேர்ச்சை யாருக்காக என்று இசக்கிமுத்து என்னிடம் சொல்லவே இல்லை. பின்னிருக்கையில் அந்தக் குழந்தை, குத்தாத காதோடு, நான் பாலத்தின் முனையில் வாங்கி வந்த நுங்கைத் தின்றுகொண்டிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

வேலாயுதம் வண்டியைப் பட்டறைக்கே திருப்பினார். திரும்பியதும் ஒரு மாமரப் பலகையை எடுத்து ரம்பத்தால் அறுக்கத் தொடங்கினார். கிளட்ச் பெடலுக்கு இடது பக்கம், தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, சாய்வாகக் கால் வைக்கும் மேடை மாதிரி ஒன்று. அடியில் சாக்கை நாலாக மடித்து வைத்தார். நான் பஸ்ஸில் பார்த்த மரக்கட்டை ஞாபகம் வந்தது. அதைச் செவ்வாய்க்கிழமையே கேட்டிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

“மச்சான் கால் எம்புட்டு நீளம் இருக்கும்?” என்று என்னைக் கேட்டார்.

“அக்காவக் கேட்டா எப்பிடித் தெரியும்?” என்று பேச்சியம்மாள் வந்து பலகையில் தன் கையை விரித்து வைத்து அளந்து காட்டினாள். “இங்கன வரைக்கும். எங்கண்ணன் கால் எனக்குத் தெரியாதா?”

கிளட்ச் தட்டை மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். “இது தாங்கும்” என்றார். “கால் எறங்கிட்டுன்னா தாங்கும்.”

அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேலாயுதமே வேனை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். காலில் செருப்பில்லை. பேச்சியம்மாள் பட்டுச் சேலை, கனகா பாவாடை சட்டை, நான் கைப்பை. இசக்கிமுத்து வீட்டு வாசலில் குளித்துத் திருநீறு பூசி நின்றுகொண்டிருந்தார். கிளம்பத் தயாரானவர் போலவும் இருந்தது, கிளம்ப மாட்டாதவர் போலவும் இருந்தது. வேலாயுதம் இறங்கிப் போய் சாவியை நீட்டினார்.

“சாமி, நான் பேசுனது தப்பு. சுட்டா யாரு காலும் எந்திரிக்கத்தான் செய்யும். எங்காலும் எந்திரிச்சுது.”

“நான் பண்ணுன சத்தியம்?” என்றார் இசக்கிமுத்து.

“அத முருகன்கிட்ட நீரு பேசிக்கிடும். நடந்துதான போறீரு, பேச நேரம் இருக்கும். எனக்குப் பிள்ள காது குத்தணும்வே. ஏறும்.”

இசக்கிமுத்து சாவியை வாங்கவில்லை. கனகா ஜன்னலில் தலையை நீட்டி, “மாமா, என் தோடு இந்த அக்கா பையில இருக்கு” என்றாள். நான் பெட்டியை எடுத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

மலையடிவாரத்தில் வெட்டவெளியில் இருக்கிறது அவர்களுடைய சாஸ்தா கோவில். காது குத்த வேண்டிய ஆசாரி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, யாரோ ஒருவர் பைக்கில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இசக்கிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்து, அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்தார். முதல் காதுக்குக் கனகா திகைத்தாள், இரண்டாவது காதுக்குக் கோவிலே அதிரும்படி கத்தினாள். மாரியப்பன் கேட்ட போட்டோவை எடுத்தேன். அதில் குழந்தை அழுகிறாள், இசக்கிமுத்துவும் அழுகிறார், ஆசாரி மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சாப்பாடு முடிந்து, பாபநாசத்தில் ஆற்றில் குளித்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரும் வேனில் ஏறினோம். உச்சி வெயில். உறவுக்காரர்கள் நிறைந்து வண்டி கனத்தது. வேலாயுதம் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால். இசக்கிமுத்து ஏறி உட்கார்ந்ததும் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் கால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கட்டியது அது. இடது காலால் துழாவினார். காலையிலேயே பழகியிருந்த பலகை தட்டுப்பட்டது. பாதத்தை அதன் மேல் வைத்தார். சரியாக இருந்தது.

ஏற்றம் வந்தது. நான் கழுத்தை நீட்டி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் மாற்றப் பெடலுக்குப் போனது, உடனே பலகைக்குத் திரும்பியது. இன்ஜின் கனமாக முனகியது, வண்டி அதற்கேற்றபடி ஏறியது. கருகிய வாடை இல்லை. மேலே போய்ச் சேரும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.

வேலாயுதம் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. ஏற்றம் தொடங்கியதுமே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மலையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்தார்.